அண்டாவும் அவசரமும்

கலியாண வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வருகிறவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள்? "பாயசம் பிரமாதம்!" என்பார் ஒருவர். "ரசத்தில் உப்பு ஒரு கல் தூக்கல்" என்பார் இன்னொருவர். சமையற்கட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வெற்றிலைச் சீவலை வாயில் போட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் பின்கட்டுப் பக்கம் போய் எட்டிப் பாருங்கள். அடுப்பு முன்னால் ஜாரணியுடன் நிற்கிறாரே ஒரு பெரியவர், அவருடைய முன்கைகளைக் கவனியுங்கள். கறுப்பும் வெளுப்புமாகச் சின்னச் சின்னத் தழும்புகள் தெரியும். ஒன்று வடை பொரித்தபோது வந்தது; ஒன்று கஞ்சி வடித்தபோது வந்தது; மற்றொன்று எப்போது வந்ததென்று அவருக்கே மறந்திருக்கும். கேட்டால், "தொழில் என்றால் இதெல்லாம் சகஜம் அம்மா" என்று சிரிப்பார்.

அந்த 'சகஜம்' என்ற வார்த்தைதான் பெரிய அபாயம். சகஜம் என்று ஒன்றை ஒப்புக்கொண்டுவிட்டால் அதைத் தடுக்க வேண்டும் என்ற எண்ணமே வராது. உண்மையில், பெரிய சமையற்கட்டுகளில் நடக்கும் விபத்துக்களில் பெரும்பாலானவை விதியின் வேலை அல்ல. இருக்கக்கூடாத இடத்தில் ஒரு பொருள் இருந்ததால் நடந்தவை. ஐந்து நிமிஷ வேலையை இரண்டு நிமிஷத்தில் செய்யப் போனதால் நடந்தவை.

"எங்கள் வீட்டில் நாலு பேருக்குத்தானே சமைக்கிறோம். ஹோட்டல் சமையலைப் பற்றி எங்களுக்கு என்ன?" என்று நேயர்கள் கேட்கலாம். நம் வீட்டுக் கலியாணத்துக்கு மண்டபம் பேசுகிறோம். அங்கே நம் சொல்லுக்காகத்தான் அடுப்பு எரிகிறது. நம் குழந்தைகள் பள்ளிக்கூடத்திலும் விடுதியிலும் சாப்பிடுகிறார்கள். காலையில் சத்துணவுக் கூடத்தில் உலை வைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். இப்போது பல வீடுகளில் பெண்கள் ஐம்பது பேருக்கும் நூறு பேருக்கும் சமைத்து, டப்பாக்களில் அனுப்பிக் கௌரவமாகச் சம்பாதிக்கிறார்கள். நாலு பேர் சமையலுக்கும் நூறு பேர் சமையலுக்கும் உள்ள வித்தியாசம் பாத்திரத்தின் அளவு மட்டும் அல்ல. அபாயத்தின் அளவும் கூடத்தான்.

இரண்டு நெருப்புகள்

1666-ஆம் வருஷம் செப்டம்பர் 2-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை விடியுமுன், லண்டன் நகரத்தில் 'புட்டிங் சந்து' என்ற சிறு தெருவில் ஒரு ரொட்டிக் கடையில் தீப்பிடித்தது. கடைக்காரர் தாமஸ் ஃபாரினர். அவரும் குடும்பத்தாரும் மேல்மாடி ஜன்னல் வழியாகத் தப்பினார்கள். வேலைக்காரப் பெண் பயத்தால் ஜன்னலைத் தாண்டத் துணியாமல் உள்ளேயே இறந்துபோனாள். நாலு நாள் எரிந்த அந்த நெருப்பில் சுமார் 13,000 வீடுகளும் 87 மாதா கோயில்களும் சாம்பலாயின. ஃபாரினர் கடைசி வரையில், "படுக்கப் போகுமுன் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போனேன்" என்று சாதித்தார்.

அவர் பொய் சொன்னார் என்று நினைக்க வேண்டியதில்லை. அணைத்ததாகவே நினைத்திருப்பார். தினமும் செய்கிற காரியத்தில் இன்று செய்தது எது, நேற்றுச் செய்தது எது என்று மனம் குழம்பிவிடும். வாசற்கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திகைத்து நிற்காதவர்கள் நம்மில் யார்?

இரண்டாவது நெருப்பு நம் ஊரில் எரிந்தது. 2004-ஆம் வருஷம் ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடம். மதிய உணவு சமைத்த இடத்தில் எழுந்த தீ, கீற்றுக் கூரைக்குத் தாவியது. கூரைக்குக் கீழே குழந்தைகள் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். வெளியேறும் வழி குறுகலானது. 94 குழந்தைகள் மாண்டார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது.

அடுப்பில் பொறி பறப்பது புதிதல்ல. பொறி பறக்கிற இடத்துக்குப் பக்கத்தில் கீற்றும், கீற்றுக்குக் கீழே குழந்தைகளும் இருந்ததே கொடுமை. 'ஜாக்கிரதையாக இரு' என்று சமைப்பவரிடம் ஆயிரம் தடவை சொல்லியும் பயன் இல்லை. ஜாக்கிரதை மனத்தில் இருந்தால் மட்டும் போதாது. அது இடத்திலும் பொருளிலும் இருக்க வேண்டும். பந்திக்கு இலை போட்டுவிட்ட நேரத்தில் மனம் எங்கோ ஓடும். அடுப்பும் அண்டாவும் வைத்த இடத்திலேயே இருக்கும். ஆகவே, வைக்கும்போதே சரியாக வைத்துவிட வேண்டும்.

தரையே முதல் எதிரி

சமையற்கட்டில் அபாயம் என்றதும் நெருப்புத்தான் நம் ஞாபகத்துக்கு வருகிறது. ஆனால் நெருப்பைக் கண்டால் எல்லோருக்கும் பயம் உண்டு. தரையைக் கண்டு யார் பயப்படுகிறார்கள்? அதனால்தான் அது காலை வாருகிறது.

கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் கழுநீர், ஒரு வாழைப்பூ மடல், கீரைத் தண்டு, கத்தரிக்காய்க் காம்பு. இவற்றில் ஏதாவது ஒன்று போதும். வெறுங்கையோடு வழுக்கினால் இடுப்பில் அடி. கொதிக்கும் சாம்பாரோடு வழுக்கினால் கதையே வேறு. தீக்காயத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டால் 'சாம்பார் கொட்டியது' என்பார்கள். சாம்பார் ஏன் கொட்டியது என்று அடுத்த கேள்வியையும் கேட்டால் தரை வெளிப்படும்.

சிந்தினவர் யாரோ, கண்டவர் துடைக்க வேண்டும் என்பது நல்ல சமையற்கட்டின் முதல் சட்டம். "நான் சிந்தவில்லையே!" என்ற வாதத்துக்கு அங்கே இடம் இல்லை. எண்ணெய் சிந்திய இடத்தில் வெறும் தண்ணீரைக் கொட்டினால் எண்ணெய் பரவும்; வழுக்கல் இரட்டிப்பாகும். முதலில் பழந்துணியால் ஒற்றி எடுத்து, பிறகு சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். காய்கறி நறுக்குகிற இடத்தில் தோலுக்கும் காம்புக்கும் ஒரு கூடை கையெட்டும் தூரத்தில் இருந்தால் அவை தரைக்கு வராது. பாத்திரம் தேய்க்கிற இடமும் பண்டங்களைத் தூக்கிச் செல்கிற வழியும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஜலதாரையின் மூடி எப்போதும் மூடியிருக்க வேண்டும்.

ஹோட்டல்களில் வழுக்காத அடியும் விரல்களை மூடும் முன்புறமும் கொண்ட காலணி அணிவது நல்லது. தேய்ந்துபோன ரப்பர் செருப்பு, வெறுங்காலைவிட மோசம். கலியாணச் சமையற்கட்டிலும் கோயில் மடைப்பள்ளியிலும் வெறுங்காலுடன் இருப்பது வழக்கம். அங்கே காலுக்குக் காவல் இல்லாததால், தரை இன்னும் உலர்ந்திருக்க வேண்டும்.

கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு

கிணறு வெட்டினால் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்டுகிறோம். கொதிக்கும் ரசம் நிறைந்த அண்டாவைத் தரையில் இறக்கி, மூடாமல், ஆள் நடக்கிற பாதையில் விட்டுவிடுகிறோம். அதுவும் ஒரு கிணறுதான். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. 2023-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு கலியாணத்தில், படிப்புச் செலவுக்காகப் பரிமாறும் வேலைக்கு வந்த ஒரு கல்லூரி மாணவர், சூடான ரசம் இருந்த பாத்திரத்தில் தவறி விழுந்து, சிகிச்சை பலன் இல்லாமல் உயிரிழந்தார்.

தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். ஆனால் தோல் வெந்துபோக அவ்வளவு சூடு தேவை இல்லை. 60 டிகிரி வெந்நீர் ஐந்து விநாடி பட்டாலே பெரியவர்களுடைய தோலில் ஆழமான புண் உண்டாகும். குழந்தைகளின் தோல் மெல்லியது, அதற்குள்ளாகவே வெந்துவிடும். இறக்கி வைத்து வெகு நேரம் ஆயிற்றே என்று அலட்சியமாக இருப்பதற்கில்லை. பெரிய பாத்திரத்துச் சாம்பார் மணிக்கணக்கில் சூடு தாங்கும்.

இறக்கிய பாத்திரத்தை மூடி போட்டே வைக்க வேண்டும். நடைபாதையில் வைக்காமல், சுவரோரமாகத் தனி இடம் ஒதுக்கி, நாலு பலகையையோ பெஞ்சையோ குறுக்கே போட்டு அடைத்துவிடலாம். சிரமமே இல்லாத வேலை.

அடுத்தது தூக்குவது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. 100 லிட்டர் சாம்பார் என்றால் 100 கிலோ. அண்டாவின் எடை தனி. இதை இரண்டு பேர் கந்தல் துணியைப் பிடித்துத் தூக்குவது வீரம் அல்ல, அசட்டுத்தனம். அண்டாவிலேயே வைத்துக்கொண்டு வாளி வாளியாக மொண்டு எடுத்துப் போவதே உத்தமம். தூக்கியே தீரவேண்டும் என்றால், வளையத்தில் கழி கோத்து, போகிற வழியை முதலில் காலி செய்து, ஒருவர் மட்டும் சொல்ல மற்றவர்கள் கேட்க வேண்டும். இரண்டு பேர் உத்தரவு போட்டால் அண்டா மூன்றாவது பக்கம் சாயும்.

பிடிதுணி ஈரமாக இருக்கக் கூடாது. ஈரத்துணியால் சூடான பாத்திரத்தைப் பிடித்தால் துணியில் உள்ள தண்ணீர் ஆவியாகிக் கையைச் சுடும். உலர்ந்த கனமான துணி வேண்டும். இட்டிலிக் கொப்பரையைத் திறக்கும்போது மூடியின் மறுபக்கத்தை முதலில் உயர்த்த வேண்டும். ஆவி அந்தப் பக்கமாகப் போகும், முகம் தப்பும்.

சூடான பாத்திரத்தோடு வருகிறவர், "சூடு! சூடு!" என்று குரல் கொடுத்துக்கொண்டே வருவது நம் சமையற்காரர்களின் பழைய வழக்கம். புதிதாக வேலைக்கு வந்த பையன்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வாய் திறப்பதில்லை. அவர்களுக்கு முதல் நாள் முதல் பாடமாக இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சமையற்கட்டில் சத்தம் போடுவது அநாகரிகம் அல்ல.

ஆவியைப் பற்றிச் சொல்லும்போது ஒரு பழைய கதை ஞாபகம் வருகிறது. பிரெஷர் குக்கரின் மூதாதையை 1679-ஆம் வருஷத்தில் தெனி பாபென் என்ற பிரெஞ்சுக்காரர் செய்தார். இறுக மூடிய பாத்திரம் வெடித்துவிடக் கூடாதே என்று அவர் என்ன செய்தார்? 'ஜாக்கிரதையாக நில்லுங்கள்' என்று எச்சரிக்கை எழுதி ஒட்டவில்லை. ஆவி அதிகமானால் தானாகவே திறந்து வெளியே விடும்படி ஒரு வால்வை வைத்தார். ஜாக்கிரதை பொருளிலேயே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. அந்த வால்வில் பருப்பு நுரை அடைத்துக்கொண்டிருக்க நாம் குக்கரை அடுப்பில் ஏற்றினால், பாபென் என்ன செய்வார், பாவம்! ஒவ்வொரு தடவையும் ஆவித்துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மூட வேண்டும். பருப்பு வேகவைத்தால் பாதிப் பாத்திரத்துக்கு மேல் நிரப்பக் கூடாது.

எண்ணெயும் தண்ணீரும்

அப்பளமும் வடையும் பொரியும் வாணலியில் எண்ணெய் 170, 180 டிகிரி சூட்டில் இருக்கிறது. அதில் ஒரு துளி தண்ணீர் விழுந்தால், அது கண்ணிமைக்கும் நேரத்தில் ஆவியாகி, 1,700 மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளப் பார்க்கும். அந்த வேகத்தில் எண்ணெயை வாரி இறைக்கும். நாம் 'எண்ணெய் தெறிக்கிறது' என்கிறோமே, அது இதுதான். ஆகவே வாழைக்காய்ச் சீவல் போன்றவற்றை ஈரம் போகத் துடைத்துவிட்டுப் போட வேண்டும். உயரத்திலிருந்து போடாமல், எண்ணெய்க்கு அருகே கொண்டுபோய், நம்மை விட்டு விலகும் பக்கமாக மெல்ல நழுவவிட வேண்டும். வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் வேண்டாம். காய்ந்த எண்ணெயை விட்டு அந்தண்டை இந்தண்டை போகவும் கூடாது. முதலில் புகை வரும். கவனிக்காவிட்டால் அப்புறம் தானாகவே தீப்பற்றிக்கொள்ளும்.

அப்படிப் பற்றிக்கொண்டால்? பத்துப் பேரில் ஒன்பது பேர் செய்வது ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து ஊற்றுவது. அதைவிடப் பெரிய ஆபத்து வேறு இல்லை. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் ஆவியாக வெடித்து, எரியும் எண்ணெயைக் கூரை வரையில் தூக்கி எறியும். முதலில் அடுப்பை அணைக்க வேண்டும். பிறகு பெரிய மூடியையோ தாம்பாளத்தையோ பக்கவாட்டில் தள்ளினாற்போல் வாணலியின் மேல் மூட வேண்டும். காற்று இல்லாவிட்டால் நெருப்பு இல்லை. "அணைந்துவிட்டதா?" என்று உடனே திறந்து பார்க்கக் கூடாது. எண்ணெய் ஆறாதிருந்தால் மறுபடி குபீரென்று பற்றும். எரியும் வாணலியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடவும் கூடாது.

எண்ணெய் காயும் இடத்தில் அதற்குச் சரியான மூடி கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மூடியைத் தேடப் போகும் நேரத்தில் கூரை எரிந்துவிடும். ஹோட்டல்களில் சமையல் எண்ணெய்த் தீக்கென்றே ஒருவகைத் தீயணைப்புக் கருவி வைத்துக்கொள்ளலாம். அதில் இருக்கும் பொட்டாசியம் உப்புத் திரவம் கொதிக்கும் எண்ணெயின் மேற்பரப்பைச் சோப்பாகவே மாற்றிவிடுகிறது! அந்தச் சோப்பு நுரைப் படலம் காற்றை மறைத்து நெருப்பை அடக்குகிறது. பல இடங்களில் இந்தக் கருவியை அடுப்புக்குப் பின்னால் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். தீப்பிடித்தால் தீயைத் தாண்டி அல்லவா கையை நீட்ட வேண்டும்? அதற்கு இடம் வாசற்படிப் பக்கம்.

அடுப்புக்கு மேலே உள்ள புகைபோக்கியையும் மறக்கக் கூடாது. அதற்குள் நாள்பட்ட எண்ணெய்ப் பிசுக்கு, விளக்குத் திரி போலத்தான். ஒரு சுவாலை எட்டிப் பிடித்தால் குழாய் முழுவதும் எரியும். ஆகவே அதை அடிக்கடி சுரண்டிக் கழுவ வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி

கோட்டை அடுப்பும் சவுக்குக் கட்டையும் போய், மண்டபங்களில் காஸ் அடுப்பு வந்துவிட்டது. புகை இல்லை, கரி இல்லை, சௌகரியந்தான். ஆனால் இந்தக் காஸுக்கு ஒரு குணம் உண்டு. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படர்ந்து, பள்ளத்திலும் ஜலதாரையிலும் போய்ப் பதுங்கும். ஜன்னல் உயரத்தில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. தரை மட்டத்திலும் காற்றோட்டத்துக்கு வழி இருக்க வேண்டும். சிலிண்டரில் திரவமாக இருக்கும் காஸ், வெளியே வந்தால் 250 மடங்கு விரியும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றும்.

இயற்கையில் இதற்கு வாசனை இல்லை. நம்மை எச்சரிப்பதற்காகவே நாற்றமடிக்கும் ஒரு பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். அந்த நாற்றம் மூக்கில் பட்டால், விளக்கு ஸ்விச்சைப் போடவும் கூடாது. போட்டிருப்பதை அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி உண்டு. அடுப்பையும் சிலிண்டர் வால்வையும் மூடி, கதவுகளைத் திறந்து, எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, வெளியிலிருந்தே 1906 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்ய வேண்டும். கசிவு எங்கே என்று தெரிந்துகொள்ளச் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்த்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் தைரியசாலிகள் இன்னமும் இருக்கிறார்கள்!

இன்னொரு கெட்ட வழக்கம். பாயசம் பாதியில் நிற்கும்போது காஸ் தீர்ந்துவிட்டால், கடைசிச் சொட்டையும் கறப்பதற்காகச் சிலிண்டரைப் படுக்கப் போட்டு உருட்டுகிறார்கள். அல்லது வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைக்கிறார்கள். படுக்கப் போட்டால் காஸுக்குப் பதில் திரவமே குழாய்க்குள் புகுந்து அடுப்பில் பெரும் ஜுவாலையாக வரும். சூடாக்கினால் உள்ளே அழுத்தம் ஏறும். ஒரு சிலிண்டர் கூடுதலாக வாங்கி வைக்கச் சோம்பிய குற்றத்துக்கு இவ்வளவு பெரிய தண்டனையா? 19 கிலோ சிலிண்டர்களைச் சமையற்கட்டுக்கு வெளியே, நிழலில், நிமிர்த்தி நிறுத்தி, குழாய் மூலம் காஸை உள்ளே கொண்டுவருவதே முறை.

கத்தியும் கல்லும்

மழுங்கிய கத்தி கையை வெட்டாது என்று நினைப்பது தவறு. மழுங்கிய கத்தியை அழுத்த வேண்டியிருக்கிறது, அழுத்தினால் அது சறுக்கும், சறுக்கினால் விரல். கூரான கத்திதான் சொன்னபடி கேட்கும். நறுக்கும் பலகைக்கு அடியில் ஈரத்துணி ஒன்றைப் பரப்பினால் பலகை நகராது. கத்தி கைதவறி விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள். காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு விழவிடுங்கள். சோப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் கத்தியைப் போடாதீர்கள். அடுத்துக் கை விடுகிறவருக்குத் தெரியாது. அரிவாள்மணையை விட்டு எழுந்திருக்கும்போது அதை மடக்கியோ படுக்க வைத்தோ விட்டுத்தான் போக வேண்டும்.

மாவரைக்கும் பெரிய கிரைண்டர்களில் முந்தானையும் துப்பட்டாவும் வளையலும் தொங்கும் தலைமயிரும் சிக்கிக்கொள்ளும். ஓடும் கல்லுக்குள் கை விட்டு மாவு தள்ளக் கூடாது. நிறுத்தினால் மட்டும் போதாது, பிளக்கையும் பிடுங்கிய பிறகே கை வைக்க வேண்டும். ஸ்விச்சு, அரைப்பவர் நின்ற இடத்திலேயே எட்டும்படி இருக்க வேண்டும். ஈரக்கையும் மின்சாரமும் கூடுகிற இடம் சமையற்கட்டு. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் சாதனம் இப்போது கிடைக்கிறது. அதைப் பொருத்தாத சமையற்கட்டில் வேலை செய்பவர்கள் தினமும் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பார்க்கிறார்கள் என்று சொல்ல வேண்டும்.

உடையும் ஒரு கருவிதான். நைலான், பாலியெஸ்டர் துணி தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அடுப்பு முன்னால் நிற்பவர்களுக்குப் பருத்தியே பத்திரம். மேல்நாட்டுச் சமையற்காரர்கள் மார்புக்கு நேரே இரட்டை மடிப்பாக அணியும் வெள்ளைச் சட்டை அழகுக்காக மட்டும் அல்ல. சூடானது தெறித்தால் இரண்டு அடுக்குத் துணி தடுக்கும். நம் பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அதன்மேல் கனமான பருத்தி மேலங்கி ஒன்று போட்டுக்கொண்டாலே போதும்.

தரை கழுவும் மருந்துகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிளீச்சிங் பவுடரையும் ஆசிடையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் என்ற விஷக் காற்று எழும்பும். குளிர்பானம் வந்த பழைய பாட்டிலில் இவற்றை ஊற்றி வைப்பதும் கூடாது. தாகத்தோடு வருகிறவன் பாட்டிலைத்தான் பார்ப்பான்.

பந்தி நேரம்

இவ்வளவும் சரியாக இருந்தாலும் ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. அதுதான் அவசரம். அது எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நம்மிடமிருந்துதான்!

முந்நூறு பேர் என்று சொல்லியிருப்போம். முகூர்த்தம் முடிந்ததும், "இன்னும் ஐம்பது பேர் வந்துவிட்டார்கள், சமாளியுங்கள்" என்போம். ஏழு மணி டிபனை ஆறு மணிக்கே கேட்போம். காய் நறுக்குகிறவர்கள் நடுநிசி வரையில் நறுக்கி, மூன்று மணிக்கு எழுந்து காப்பிக்குப் பால் வைக்க வேண்டும். அந்தத் தூக்கக் கலக்கத்தில் எரிகிற அடுப்பு முன்னால் அவர்களை நிறுத்துகிறோம். வாடகைக்கு எடுத்த நாற்காலிகளை எண்ணி வாங்குகிற நாம், சமைக்கிறவர்கள் எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்று விசாரிக்கிறோமா?

முன்கூட்டிச் சரியான எண்ணிக்கை கொடுங்கள். பத்துப் பேர் கூடுவார்கள் என்றால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். இரண்டு ஷிப்டாக ஆள் கேட்டால் கூலியைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். குழந்தைகள் சமையற்கட்டுப் பக்கம் ஓடாமல் இருக்க வாசலில் பெரியவர் ஒருவரை உட்கார வையுங்கள். லட்டுக்கு ஆசைப்பட்டு ஓடும் குழந்தைக்கு அண்டாவின் உயரமும் தன் உயரமும் ஒன்று என்று தெரியாது.

பட்டுவிட்டால்?

தீக்காயம் பட்ட இடத்தில் ஓடும் குழாய்த் தண்ணீரை விட வேண்டும். இரண்டு நிமிஷம் அல்ல, இருபது நிமிஷம். தோலின் மேல் சூடு போனாலும் உள்ளே வெந்துகொண்டே இருக்கும். தண்ணீர்தான் அதை நிறுத்தும். உடனே செய்ய முடியாவிட்டாலும், மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. ஐஸ் வைக்கக் கூடாது. அது தோலை மேலும் கெடுக்கும். மோதிரம், வளையல், கைக்கடியாரம் இவற்றை வீக்கம் வருமுன் கழற்றிவிட வேண்டும். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது.

இங்கிதான், தோசை மாவு, பற்பசை, மஞ்சள், நெய் என்று நம் வீடுகளில் ஒரு பெரிய மருந்துப் பட்டியல் உண்டு. ஒன்றும் வேண்டாம். சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். புண்ணில் கிருமி சேரும். டாக்டர் அதையெல்லாம் சுரண்டி எடுக்கும்போது நோயாளிக்கு இரண்டாவது வேதனை. சுத்தமான துணியால் லேசாக மூடி டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். காயம், பட்டவருடைய உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலும், முகம், கை, மூட்டு இவற்றில் இருந்தாலும், பட்டவர் குழந்தையானாலும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது; ஓடினால் காற்று விசிறும். நின்று, கீழே படுத்து, உருள வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் கம்பளியாலோ கனமான ஜமக்காளத்தாலோ சுற்றி அமுக்கலாம்.

மண்டபம் பேசப் போகும்போது

அடுத்த தடவை கலியாணத்துக்கு மண்டபம் பார்க்கப் போகும் சகோதரிகள் மணமேடை அலங்காரத்தையும் சாப்பாட்டுக் கூடத்தையும் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். சமையற்கட்டைத் திறக்கச் சொல்லுங்கள். வெளியேற இரண்டு வாசல் இருக்கிறதா? இருந்தால் இரண்டாவது வாசல் பூட்டியிருக்கிறதா, அரிசி மூட்டை அடுக்கியிருக்கிறதா? சிலிண்டர் வெளியே இருக்கிறதா? தீயணைப்புக் கருவி வாசற்பக்கம் இருக்கிறதா? அதில் தேதி காலாவதி ஆகிவிட்டதா? தரை வழுக்குகிறதா? குழாயில் தண்ணீர் வருகிறதா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்துகொள்ள ஐந்து நிமிஷம் போதும்.

"இதையெல்லாம் நீங்கள் ஏன் அம்மா பார்க்கிறீர்கள்?" என்று மானேஜர் ஆச்சரியப்படுவார். பார்க்கட்டும். நாலு பேர் வந்து கேட்டால் ஐந்தாவது பேர் வருவதற்குள் அரிசி மூட்டையை அவரே நகர்த்தி வைத்துவிடுவார். அந்த வாசல் வழியாக ஒரு நாள் ஓட வேண்டியிருக்கும் சமையற்காரருக்கு, அதைத் திறந்து வைத்தவர்கள் யார் என்று தெரியாமலே போகலாம். அதனால் என்ன? அவர் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தால் போதாதா?